பண்ணைப் பங்கா, வீட்டுத்தோட்டமா: கோடைக்கு முன் ஒரு குடும்பம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

கோடைக்காலக் காய்கறிக்காக ஒரு குடும்பம் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டும், கோடை தொடங்குவதற்கு வெகு முன்பே, ஏறத்தாழ ஒரே வாரங்களில் வந்து நிற்கின்றன. பண்ணைப் பங்கு என்பது ஒரு பண்ணையின் விளைச்சலில் ஒரு பங்குக்கு முன்பணம் கட்டி, வாரந்தோறும் காய்கறிப் பெட்டி பெறும் ஏற்பாடு. அதை எடுப்பதானால், விவசாயி விதை வாங்கும் காலத்திலேயே பணம் கட்டிப் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நல்ல பண்ணைகளில் இடம் சீக்கிரமே நிரம்பிவிடும். வீட்டில் தோட்டம் போடுவதானால், நாற்று விடுவதையும் மண்ணைப் பண்படுத்துவதையும் அதே காலத்தில் தொடங்கியாக வேண்டும். ஒரு முறை இறங்கிவிட்டால் பருவம் முடியும் வரை பின்வாங்குவது எளிதன்று. ஆகவே கடைசி நேரத்து உற்சாகத்தில் முடிவெடுக்காமல், இரண்டையும் அருகருகே வைத்து நிதானமாகப் பார்ப்பது நல்லது.

இவ்விரண்டில் எது மலிவு, எது அதிகம் தரும் என்றுதான் பெரும்பாலும் கேட்கப்படுகிறது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பண்ணைப் பெட்டியையும் வீட்டுப் பாத்தியையும் ஒருசேர வைத்துக்கொண்டு கோடையைக் கழித்த குடும்பம் எங்களுடையது; அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து வேறு. இந்த முடிவைக் குடும்பத்துக்கு ஒன்று என்று எடுக்காமல் காய்க்கு ஒன்று என்று எடுக்க வேண்டும். பறித்த சிறிது நேரத்துக்குள் அடுப்படிக்குப் போவதால் சிறக்கும் காய்கள் சில. நிலமும் நீண்ட காலமும் தேர்ந்த கையும் இருந்தால்தான் ஒழுங்காக விளையும் காய்கள் பல. முன்னவை வீட்டுக்கு உரியவை. பின்னவை பண்ணைக்கு உரியவை. இப்படிப் பிரித்துக்கொள்ளாமல் இரண்டிலும் இறங்கினால், கோடையின் நடுவில் ஒரே காய் இரு பக்கமிருந்தும் வந்து குவியும். வேண்டிய காய் எந்தப் பக்கமிருந்தும் வராது.

பெட்டி கொண்டுவருவது

பண்ணைப் பங்கைக் காய்கறிச் சந்தா என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பருவத் தொடக்கத்திலேயே விளைச்சலின் ஒரு பங்குக்குரிய தொகையைக் குடும்பம் கொடுத்துவிடுகிறது. அந்தப் பணத்தைக் கொண்டு விவசாயி கடன் வாங்காமல் விதை, உரம், கூலி ஆகிய செலவுகளைச் சமாளிக்கிறார். பிறகு வாரந்தோறும் விளைந்ததில் ஒரு பங்கு வீட்டுக்கு வருகிறது. ஜப்பானில் 1971இல் தொடங்கப்பட்ட இயற்கை வேளாண்மைச் சங்கம், விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் இடையிலான இந்த உறவுக்குப் பத்துக் கொள்கைகளை 1978இல் வகுத்தது. அதே ஆண்டில் ஜெனீவாவில் ஒரு கூட்டுறவுத் தோட்டம் இதே வழியில் தொடங்கியது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டெம்பிள்-வில்ட்டன் சமூகப் பண்ணையும் இம்முறையைக் கைக்கொண்டன. பிரான்சில் 2001இல் அது வேரூன்றியது. ஜப்பானியக் கொள்கைகளில் ஒன்று, விளைந்து வருவது அனைத்தையும் உண்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. பங்கு எடுப்பதற்கு முன் ஒரு குடும்பம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: வருவதை ஏற்றுக்கொண்டு சமைக்கும் மனம் நமக்கு இருக்கிறதா?

விளைச்சலில் பங்கு என்றால் இழப்பிலும் பங்கு உண்டு. ஆலங்கட்டி மழை பெய்தால், பனி தாமதமாக விழுந்தால், ஒரு பயிர் நோயில் போனால், பெட்டி அந்த வாரம் இளைத்துத்தான் வரும். பணம் திரும்பி வராது. இதைப் படித்ததும் பலர் தயங்குகின்றனர். ஆனால் ஆபத்தை அளந்து பார்த்தால் நிலைமை நேர்மாறானது. இத்தகைய பண்ணைகள் பலவற்றில் முப்பது, நாற்பது வகைப் பயிர்கள் அடுத்தடுத்து விதைக்கப்படுகின்றன. தக்காளிக்கு ஆகாத ஈரமான கோடை கீரைக்கும் கோசுக்கும் ஏற்றதாக அமையும். வீட்டுப் பாத்தியில் இருப்பதோ ஐந்தாறு பயிர். அவற்றில் இரண்டு நோய்ப்பட்டால் பருவத்தின் பெரும்பகுதி போயிற்று. ஆகவே இழப்புக்கு அஞ்சுகிறவர்கள் பண்ணைப் பக்கம் சாய்வதே பொருத்தம். அதோடு, அந்த இழப்பை விவசாயி ஒருவரே சுமக்காமல் நூறு குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதில் உள்ள நியாயம் எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுகிறது. காய்கறியின் எடையை வைத்து மட்டும் அதை மதிப்பிட முடியாது.

பெட்டியின் இயல்பு பருவத்தோடு மாறும். மிதவெப்ப நாடுகளில் முதல் சில வாரங்கள் பெரும்பாலும் இலைகளாகவே இருக்கும்: லெட்டூஸ், பசலை, முள்ளங்கி, வெங்காயத்தாள். அவற்றைப் பார்த்து ஏமாற்றம் அடைந்து, இதற்கா இவ்வளவு பணம் என்று கேட்பவர்கள் உண்டு. கோடையின் நடுவில் வெள்ளரி, சுக்கினி, பீன்ஸ், தக்காளி, கத்தரி என்று பெட்டி மூட முடியாமல் வரும். பருவ முடிவில் கிழங்குகளும் பூசணியும் கோசும் வந்து சேரும். முழுத் தொகையை முன்கூட்டிக் கட்டியிருந்தாலும் அதன் பலன் வாரந்தோறும் சமமாக வராது என்பதை அறிந்து சேர்பவர்களுக்கே இது ஒத்துவரும்.

பெட்டி வரும் மாலையில் வீட்டில் ஒருவருக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாத வேலை இருக்கிறது என்பதை எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை. கேரட்டையும் பீட்ரூட்டையும் இலையோடு வைத்தால், அந்த இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி அதை இரண்டு நாளில் ரப்பர் போலத் துவளச் செய்துவிடும். ஆகவே இலையைத் திருகி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். கீரையை மண் போக அலசி, ஈரம் வடித்து, துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரம் முழுவதும் நிற்கும். வந்தபடியே உள்ளே தள்ளினால் மூன்றாம் நாள் அடியில் கொழகொழத்துவிடும். தக்காளியைக் குளிர்பெட்டிக்குள் வைக்கவே கூடாது. 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் மணம் போய்விடுகிறது. பழுக்கும் தக்காளியும் முலாம்பழமும் எத்திலீன் வாயுவை வெளியிடுவதால், அவற்றின் அருகில் இருக்கும் வெள்ளரியும் கீரையும் விரைவில் மஞ்சளாகும். உருளைக்கிழங்கு இருட்டில் இருக்க வேண்டும். வெங்காயத்தை அதோடு சேர்க்கக் கூடாது. இந்த ஒழுங்கைச் செய்ய ஆள் இருக்கும் வீட்டில் பெட்டி ஒரு வாரத்துக்குக் கைகொடுக்கும். இல்லாத வீட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு உரக்குழிக்குப் போனாலும் வியப்பில்லை.

பங்கின் அளவை முடிவு செய்யும்போது நபர்களின் எண்ணிக்கையைவிட, வாரத்தில் எத்தனை நாள் வீட்டில் சமையல் நடக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். நால்வர் உள்ள வீட்டில் மூன்று இரவு வெளியில் சாப்பிட்டால் அரைப் பங்கே அதிகம். இருவரே இருந்தாலும் இரண்டு வேளையும் காய்கறியை மையமாக வைத்துச் சமைத்தால் முழுப் பங்கும் செலவாகும். ஐயம் இருந்தால் முதல் பருவத்தில் அரைப் பங்கோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. குறைந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம், மிஞ்சினால் அந்த வாரத்துப் பாரம் அடுத்த வாரத்தின் மேல் ஏறும்.

பாத்தி கேட்பது

வீட்டுத்தோட்டத்துக்கு விருப்பம் இருந்தால் போதும் என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. முதலில் வெயில் வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, வெள்ளரி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் தேவை. 4 மணி நேரம் கிடைக்கும் இடத்தில் கீரைகளும் மூலிகைகளும்தான் சரிப்படும். எனவே விதைப் பொட்டலம் வாங்குமுன், நடவிருக்கும் இடத்தில் காலை, நண்பகல், மாலை என்று நிழல் எப்படி நகர்கிறது என்பதை ஒரு நாள் முழுக்கக் கவனித்தாலே பாதி முடிவு தானாக வந்துவிடும். பழைய நகர்ப்புறக் கட்டடங்களின் ஓரம் என்றால் மண்ணையும் பரிசோதிக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சும் முன்பு விற்கப்பட்ட ஈயம் கலந்த பெட்ரோலும் மண்ணில் ஈயத்தை விட்டுச் சென்றிருக்கக்கூடும். காய்ப்பவற்றைவிடக் கீரையிலும் கிழங்கிலும் அதன் அபாயம் கூடுதல். அத்தகைய இடத்தில் உயர்த்திய பாத்தியோ தொட்டியோ போட்டு, புதிய மண்ணும் மக்கிய உரமும் நிரப்புவதே வழி.

அடுத்தது தண்ணீர். காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீர் தேவை என்பது பொதுவான கணக்கு. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். 10 சதுர மீட்டர் பாத்திக்கு மழையில்லாத வாரத்தில் 250 லிட்டர் ஆகிறது. கடும் வெயிலில் அதற்கு மேலும் ஆகும். தொட்டிகளுக்கு மண் குறைவு, சூடு அதிகம் என்பதால் உச்சக் கோடையில் நாள்தோறும், சில நாள்களில் இரு வேளையும் ஊற்ற வேண்டியிருக்கும். வைக்கோலோ காய்ந்த இலையோ கொண்டு மூடாக்குப் போட்டால் இந்தத் தேவை நன்றாகக் குறையும். தோட்டம் தொடங்குபவர்களுக்கு ஒரே ஒரு அறிவுரைதான் சொல்லலாம் என்றால், மூடாக்கைத்தான் சொல்வேன்.

தண்ணீரைச் சீராக ஊற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தக்காளியில் கண்கூடாகக் காணலாம். செடி செழிப்பாக இருக்கும். காய் பருத்து நிறம் மாறத் தொடங்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் தோல் போல் தடித்த கறுப்பு வட்டம் ஒன்று அமுங்கியிருக்கும். பூச்சியென்றும் தொற்றென்றும் எண்ணி மருந்து தேடுவார்கள். உண்மையில் அது நோய்க்கிருமியால் வருவதன்று. வேர் உறிஞ்சும் நீரோடுதான் சுண்ணாம்புச் சத்து காயின் நுனி வரை போய்ச் சேர வேண்டும்; நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்த ஓட்டம் தடைப்பட்டு, கடைசியாகச் சத்து போய்ச் சேரும் இடமான காயடி செத்துவிடுகிறது. மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருந்தாலும் இது நேரும். எங்கள் பாத்தியில் முதல் கொத்துக் காய்களில் இதைக் கண்டபின், மூடாக்கிட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆழமாக நீர் ஊற்றியதில் பின்வந்த கொத்துகள் பழுதில்லாமல் பழுத்தன. 20 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் பெரிய தக்காளி ரகத்தை வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை மிகுதி.

பீன்ஸும் வெண்டையும் வெள்ளரியும் வேறு ஒன்றைக் கேட்கின்றன: அறுவடையில் தவறாமை. இவை விதையை முற்றச் செய்வதற்காகவே காய்க்கின்றன. இரண்டு மூன்று காய்களை முற்றவிட்டால், தன் வேலை முடிந்தது என்று செடி பூப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பிஞ்சிலேயே பறித்துக்கொண்டிருந்தால் வாரக்கணக்கில் தொடர்ந்து காய்க்கிறது. நல்ல காய்ப்பில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது கொடியை இலைக்கு இலை விலக்கிப் பார்த்தாக வேண்டும். பச்சை இலைக்கு அடியில் பச்சைக் காய் மறைந்திருக்கும் விதம் வியப்பூட்டக்கூடியது; நின்று பார்த்தால் ஒன்றும் இராது, குனிந்து அடியிலிருந்து நோக்கினால் கைநிறையக் கிடைக்கும். எங்கள் வீட்டில் இந்த வேலையில் குழந்தைகளின் கண்ணை மிஞ்ச யாராலும் முடிந்ததில்லை.

ஆக, தோட்டம் கேட்பது வார இறுதியின் நான்கு மணி நேரத்தை அன்று. ஒவ்வொரு நாளும் இருபது நிமிடத்தை. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தர இயன்ற ஒருவருக்குத் தினமும் மாலையில் இருபது நிமிடம் தர இயலாமல் போகலாம். அப்படிப்பட்டவர் பெட்டியை எடுப்பதே மேல். பெட்டியின் வேலை வாரத்தில் ஒரு மாலையோடு முடிந்துவிடுகிறது.

பணக் கணக்கை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பண்ணைப் பங்கின் செலவு தொடக்கத்திலேயே தெரியும். அது கூடாது, குறையாது. தோட்டத்தின் முதல் ஆண்டுச் செலவு எப்போதும் எண்ணியதைவிடக் கூடும், ஏனெனில் மண், தொட்டி, கொழுகொம்பு, குழாய், கருவிகள் எல்லாம் அந்த ஆண்டின் தலையில் விழுகின்றன. மூன்று நான்கு பருவங்களில் அது பரவிக் குறையும். நன்றாக வளர்ந்த ஒரு தக்காளிச் செடி பருவத்துக்கு 4 முதல் 7 கிலோ வரை தரக்கூடும் என்பதால், விலை கூடிய பழ ரகங்களையும் மூலிகைகளையும் வளர்ப்பவருக்கு மிச்சம் உண்டு. உருளையையும் வெங்காயத்தையும் வளர்ப்பவருக்கு இல்லை. உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்த்தால் எந்த வீட்டுத்தோட்டமும் கட்டுப்படியாகாது. அதில் விருப்பம் உள்ளவர்கள் அந்தக் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது நியாயமே.

வீட்டுத்தோட்டம் குடும்பத்தின் முழுத் தேவையையும் ஈடுகட்டும் என்று நம்புகிறவர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுத் தேவைக்காக மக்கள் வீடுகளில் போட்ட ‘வெற்றித் தோட்டங்களை’ச் சான்று காட்டுவதுண்டு. அமெரிக்காவில் அப்போது ஏறத்தாழ 2 கோடித் தோட்டங்கள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது என்பது மெய். ஆனால் அவற்றின் பின்னே உணவுப் பங்கீட்டு (ரேஷன்) முறையின் நெருக்கடியும் அரசின் இடைவிடாத பிரசாரமும் இருந்தன. போர் முடிந்ததும் பெரும்பகுதி கைவிடப்பட்டது. நெருக்கடி இல்லாத காலத்தில், வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் குடும்பம் அந்த அளவை இலக்காக வைத்துக்கொள்வது பாதியில் விடுவதற்கே வழிவகுக்கும்.

சுவை என்று வரும்போது தோட்டம் சில காய்களில் மட்டும் தெளிவாக வெல்கிறது. பட்டாணியிலும் இனிப்புச் சோளத்திலும் உள்ள சர்க்கரை பறித்த நேரத்திலிருந்தே மாவாகத் தொடங்குகிறது. செடியிலேயே முழுதாகப் பழுத்த தக்காளி வண்டியில் ஏறித் தாங்காது; அதைக் கையால் தொட்டுப் பறிப்பவர் மட்டுமே உண்ண முடியும். கொத்தமல்லி, புதினா, பேசில் போன்றவை வெட்டிய நொடியிலிருந்து மணத்தை இழக்கின்றன. அதோடு சமையலுக்கு அவை தேவைப்படுவது ஒரு பிடி, பெட்டியில் வருவது ஒரு கட்டு. ஆனால் கேரட், பீட்ரூட், கோசு, பூசணி, உருளை, வெங்காயம் ஆகியவற்றில் வீட்டில் விளைந்ததற்கும் நேற்றுப் பண்ணையில் எடுத்ததற்கும் நாக்குக்குத் தெரியும் வேறுபாடு மிகச் சிறிது. அவற்றுக்காகப் பாத்தியின் இடத்தைச் செலவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொன்றையும் எண்ண வேண்டும். பெட்டி அவர்களுக்குப் பழகாத காய்களைக் காட்டுகிறது. பாத்தியோ அவற்றின் மேல் உரிமையைக் கொடுக்கிறது. தட்டில் வைத்தால் ஒதுக்கும் காயைத் தானே பறித்தால் அங்கேயே கடித்துத் தின்னும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெரிய தோட்டம் வேண்டியதில்லை. 25 முதல் 30 நாளில் கிழங்கு காட்டும் முள்ளங்கி ஒரு வரிசை, செர்ரித் தக்காளி ஒரு செடி, கொடி பீன்ஸ் ஒரு பந்தல் என்றால் போதும். விதைத்ததற்கும் விளைவுக்கும் இடையே மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் சிறு பிள்ளைக்கு ஆர்வம் தங்காது.

இரண்டையும் சேர்த்தால்

இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. ஆனால் ஒரு நிபந்தனையோடு. பண்ணைக்கும் வீட்டுக்கும் ஒரே வானம், ஒரே வெயில். பண்ணையில் வெள்ளரியும் சுக்கினியும் குவியும் அதே வாரத்தில் வீட்டுக் கொடியிலும் அவை குவியும். சுக்கினிப் பிஞ்சு இரண்டொரு நாளில் இரட்டிப்பாகப் பருத்துவிடும். ஒரு செடியே ஒரு குடும்பத்துக்கு மிகுதி என்னும்போது, பெட்டியில் நான்கும் செடியில் நான்கும் சேர்ந்தால் அந்தக் காயைக் கண்டாலே வீட்டார் முகம் சுளிப்பார்கள். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. பங்குக்குப் பதிவு செய்யும்போதே, சென்ற ஆண்டு எந்த வாரத்தில் என்னென்ன கொடுத்தீர்கள் என்ற பட்டியலைப் பண்ணையிடம் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான விவசாயிகள் அதை எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும், குறைவாக வருபவற்றையும், ஒரு பிடி போதும் என்பவற்றையும் மட்டும் வீட்டில் நட வேண்டும்.

அவ்வாறு பார்த்தபோது எங்கள் பாத்தியில் எஞ்சியவை: மூலிகைகள், மிளகாய், ஒரு செர்ரித் தக்காளி, பெரிய தக்காளி இரண்டு செடி, கொடி பீன்ஸ், வெளியிலையை மட்டும் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் கீரை. மிளகாய் ஒரு செடி இருந்தாலே வீட்டுக்குப் போதும். அது தொட்டியிலும் சலிக்காமல் காய்க்கும். கொடி பீன்ஸ் செங்குத்தாக ஏறுவதால் சிறு இடத்தில் நிறையத் தரும்; விதைத்து 60 முதல் 65 நாளில் முதல் பறிப்பு. தக்காளியை மட்டும் பண்ணையிலும் வீட்டிலும் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்பேன், ஏனென்றால் மிஞ்சினாலும் அது வீணாகாத காய்; மேலும், பகல் வெப்பம் 35 டிகிரியை ஒட்டியும் இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் குறையாமலும் நீடிக்கும் நாள்களில் மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்வதால், ஒரு பக்கம் காய்ப்பு ஓய்ந்தாலும் மறுபக்கம் கைகொடுக்க வாய்ப்புண்டு. லெட்டூஸையும் கொத்தமல்லியையும் உச்சக் கோடையில் நம்ப வேண்டாம். வெப்பம் ஏறியதும் இரண்டும் பூத்தண்டு விட்டுவிடும், லெட்டூஸ் கசந்தும் போகும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாக, அரை நிழலில் விதைத்தால் ஓரளவு தொடரலாம்.

வீட்டில் நடக்கூடாதவை என்று நான் கருதுபவற்றில் இனிப்புச் சோளம் முதலாவது. அதன் சுவைக்காக ஆசைப்படுவது இயல்பே. ஆயினும் அது காற்றால் மகரந்தம் பரவும் பயிர். ஒரே வரிசையில் ஆறேழு தட்டை நட்டால் கதிரில் பாதி மணிதான் பிடிக்கும். சதுரமாகப் பல வரிசை நட இடம் இல்லாதவர்கள் அதைப் பண்ணையிடமே விட வேண்டும். கோசு மூன்று மாத இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே தலையைத் தரும். பூசணிக் கொடி பாத்தியைத் தாண்டி நடைபாதையையும் எடுத்துக்கொள்ளும்.

மிகுதியை எப்படிச் சேமிப்பது என்பதும் இந்த முடிவின் ஒரு பகுதியே, ஏனெனில் உறைபெட்டியில் இடம் இல்லாத வீட்டுக்கு முழுப் பங்கும் தோட்டமும் சேர்ந்து பொருந்தாது. பீன்ஸைக் கொதிக்கும் நீரில் 3 நிமிடம் போட்டெடுத்து, உடனே பனிக்கட்டி நீரில் ஆற்றி, ஈரம் வடித்து மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்தால் மாதக்கணக்கில் நிறமும் பதமும் கெடாது. தக்காளியை வெட்டி வேகவைத்துச் சுண்டக் காய்ச்சி உறையவைக்கலாம். கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து அலமாரியில் வைக்க விரும்புவோர் மட்டும் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். புளிப்பு குறைந்த காய்களில், அதாவது அமிலக் காரக் குறியீடு (pH) 4.6க்கு மேற்பட்டவற்றில், போட்டுலினம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் சாதாரணக் கொதிநீருக்குச் சாவதில்லை. அழுத்தக் கலனில் ஏறத்தாழ 116 டிகிரி வெப்பம் தேவை. தக்காளி அந்த எல்லையை ஒட்டி இருப்பதால் எலுமிச்சைச் சாறு சேர்க்கும்படி சொல்லப்படுகிறது. பீன்ஸையோ கேரட்டையோ வெறுமனே கொதிக்கவைத்துக் குப்பியில் அடைப்பதை ஒருபோதும் செய்யக் கூடாது.

விடுமுறைப் பயணம் பலருடைய திட்டத்தில் எழுதப்படாமலே நின்றுவிடுகிறது. கோடையில் இரு வாரம் வெளியூர் போகும் குடும்பத்துக்குத் தோட்டம் பெரிய கேள்வி: காய்க்கும் உச்சத்தில் தண்ணீர் இல்லாமல் நான்கு நாள் போனால் தொட்டிச் செடிகள் மீளா. நேரக்கருவியோடு சொட்டுநீர் போட்டாலும், பறிக்க ஆள் இல்லாவிட்டால் பீன்ஸும் வெள்ளரியும் முற்றிக் காய்ப்பு ஓய்ந்துவிடும். அக்கம்பக்கத்தார் ஒருவரிடம், நீங்களே பறித்து உண்ணுங்கள் என்று ஒப்படைத்துவிட்டுப் போவது இருவருக்கும் நல்லது. பெட்டியில் இந்தச் சிக்கல் குறைவு; அந்த வாரப் பங்கை நண்பருக்குக் கொடுக்கலாம், சில பண்ணைகள் வாரத்தை மாற்றித் தரவும் செய்கின்றன.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் குடும்பத்துக்குக் குடும்பம் விடை மாறும். கைக்குழந்தை உள்ள வீட்டில், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அரைப் பங்கும் சன்னலோரத்து மூலிகைத் தொட்டிகளும் போதும். அதற்கு மேல் எடுப்பது பாரம். பள்ளி செல்லும் பிள்ளைகளும் வெயில் படும் சிறு இடமும் உள்ளவர்கள் அரைப் பங்கோடு மேலே சொன்ன பாத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். என் பார்வையில் பெரும்பாலோருக்கு ஏற்றது இதுவே. நாள் முழுவதும் வீட்டில் இருக்கும், மண்ணில் விருப்பமுள்ள முதியவர் ஒருவர் உள்ள வீட்டில், பங்கு எடுக்காமல் பாத்தியைப் பெரிதாக்குவதும் தகும். காய்கறியில் தேர்வு வேண்டும், இன்ன காய்தான் பிடிக்கும் என்பவர்களுக்குப் பண்ணைப் பங்கு ஒத்துவராது. அவர்கள் வாராந்தரச் சந்தையில் விவசாயியிடம் நேரே வாங்குவது இரு தரப்புக்கும் மனக்கசப்பில்லாத வழி.

பங்கு எடுப்பதென்று முடிவானால், பணம் கட்டுமுன் பண்ணையிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பெட்டியில் வருவது முழுவதும் அந்தப் பண்ணையில் விளைந்ததா, வெளியில் வாங்கிச் சேர்க்கிறார்களா. என்ன உரமும் மருந்தும் பயன்படுத்துகிறார்கள். பெட்டியை எங்கே, எந்த நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும், தாமதமானால் என்ன ஆகும். பிடிக்காத காயை மாற்றிக்கொள்ளும் தட்டு வைத்திருக்கிறார்களா. தொகையைத் தவணையாகக் கட்டலாமா. பண்ணையில் சில மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டா. கடைசியாகச் சொன்னது இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளலாம். விவசாயி தக்காளிக்குக் கொழுகொம்பு கட்டுவதையும், எந்தப் பிஞ்சை எந்த அளவில் எடுக்கிறார் என்பதையும் அருகில் நின்று பார்க்கும் ஒரு காலைப்பொழுது, வீட்டுப் பாத்திக்கு வேறு எதிலும் கிடைக்காத பாடம். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து, அந்த வட்டாரத்தின் மண்ணில் தாங்கும் ரகங்கள் எவை என்று குறித்துக்கொண்டு, அவற்றின் விதைகளையே வீட்டுக்கும் வாங்கலாம்.